ட்ரிம்மிங் செக்ஷனுக்கு வந்த வினைச்சொற்கள்

முதலில் வந்த சொல் ஸ்ட்ரீம்லைன். கேன்டீன் வாசலில், கை கழுவும் குழாய்க்கு மேலே இருந்த நோட்டீஸ் போர்டில், ஒரு திங்கட்கிழமை காலை ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஆறு வரி, கீழே கம்பெனி முத்திரை. எங்கள் ட்ரிம்மிங் செக்ஷன் பெண்கள் நாற்பத்திரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

செக்ஷனில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவர்களாகவே முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், படித்தது இங்கிலீஷ் மீடியம். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்று, கல்யாணமாகி, கள்ளிக்குப்பத்துக்குக் குடிவந்து, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பிசிறு வெட்டப் போன பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

"இன்னாமே எய்திக்கீது? நம்மள பத்தியா?" என்று கேட்டாள் பக்கத்து மேசை அக்கா.

"வேலையை ஒழுங்குபடுத்தப் போறாங்களாம்க்கா."

"அத்தினி வரிக்கு இவ்ளோதானா? படிச்ச லட்சணம்!" என்று என் தலையில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறாவது வரியில் 'ஆட்களின் எண்ணிக்கை' என்று இருந்ததை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் மட்டும்தான். கணவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர். மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு வேலை கிடையாது. இந்த வேலை போனால் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் அன்று ட்ரேக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து சூடாக வந்து விழும் ரப்பர் வளையத்தைச் சுற்றி மெல்லிசாகப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வளைந்த கத்தரியால் ஒரே சுற்றில் வெட்டி எறிய வேண்டும். வளையத்தில் கத்தரி பட்டால் பீஸ் வீண். ஒருத்திக்கு ஒரு ட்ரே. ட்ரேயில் அவளுடைய டோக்கன் எண். ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் ட்ரேயை எடை மெஷினில் வைப்பார், அது எண்ணிக்கையைக் காட்டும், அதை அவளுடைய ஜாப் கார்டில் எழுதுவார். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு என்பது கணக்கு. ஆனால் மேலே போவது மொத்த செக்ஷன் கணக்குதான். தனித்தனிக் கார்டை யாரும் வருடக்கணக்காகப் புரட்டியது இல்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கைமாத்து என்போம். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாதத் தீட்டு வலி, ஒருத்தி வளைகாப்புக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாள் என்றால் பக்கத்தில் இருப்பவள் தன் ட்ரேயிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் ட்ரேயில் போட்டுவிடுவாள். கொடுத்தது எவ்வளவு, யாருக்கு என்று எவளும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கே போட்டார்கள்.

போன வருட மழையில் கள்ளிக்குப்பம் ரோட்டில் தண்ணீருக்குள் இருந்த பள்ளத்தில் ஸ்கூட்டியோடு விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்து, பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது கத்தரி பிடித்தால் உயிர் போயிற்று. லீவில் போய் வந்தவள் என்பதால் சூப்பர்வைசர் என்னை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். "எண்ணூறு வரலேன்னா சொல்லும்மா, இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடு" என்றார். சம்பளமில்லாத ரெஸ்ட். முதல் நாள் நான் வெட்டியது அறுநூற்றைம்பதுகூட வராது.

அன்று சாயங்காலம் அக்கா தன் ட்ரேயிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். வெள்ளானூர்க்காரி. அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலெல்லாம் இன்று மனையாகி, அவளுக்குப் பங்கு எதுவும் வராமல் போய், பத்தொன்பது வருடமாக இங்கே கத்தரி பிடிக்கிறாள். செக்ஷனில் அவள் வேகம் யாருக்கும் வராது. தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டு, மிச்ச நேரத்தில் ஊர் வம்பு பேசுவாள்.

"போதும்க்கா" என்றேன்.

"கம்முனு இருடி, குவார்ட்டர்ஸ் மகராணி. கை ஆறட்டும்" என்றாள்.

மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். என் கார்டில் எண்ணூறு விழுந்தது. அவள் கார்டில் எழுநூற்றைம்பது, சில நாள் எழுநூற்றுச் சொச்சம். சூப்பர்வைசர் அதை எழுதிவிட்டுப் பேசாமல் போனார். அக்காவின் கையை அவருக்குத் தெரியும். கேள்வி கேட்கத் தோன்றியிருக்காது.

ஸ்ட்ரீம்லைனுக்குப் பிறகு வாரம் ஒரு சொல் வந்தது. ஆப்டிமைஸ் வந்தது, இருப்பதை வைத்து முழுப் பலன் எடுப்பதாம். கன்சாலிடேட் வந்தபோது இரண்டு ஷிப்டுகள் ஒன்றாயின. ரைட்சைஸ் என்று ஒன்று வந்தது. சரியான அளவுக்குக் கொண்டு வருவதாம். அப்படியென்றால் இத்தனை வருடம் நாங்கள் என்ன, தப்பான அளவிலா இருந்தோம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ப்ரூன் வந்தது, செடி தழைக்கக் கிளையை வெட்டிவிடுவது. வெட்டுப்பட்ட கிளையைப் பற்றி அந்த நோட்டீஸில் ஒரு வரி இல்லை. டவுன்சைஸ் என்ற சொல்லை மட்டும் கடைசி வரை எழுதவில்லை. அது ஆட்குறைப்பு என்று டி.வி. பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல் ஆயிற்றே.

ட்ரிம் என்று ஒரு நோட்டீஸில் வந்தபோது நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க நாங்கள் செய்வதே அதுதான். ஒவ்வொருத்தராகக் கை கழுவிக்கொண்டு போனார்கள். அன்றுதான் மற்றவர்களுக்கும் பயம் வந்தது. எனக்கு ஐந்து வாரப் பழைய பயம்.

வீட்டில் முறத்தில் புடைக்கிறோம், சல்லடையில் சலிக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம். எதைக் குறைத்தாலும் முறமோ சல்லடையோ யாரோ ஒருத்தர் கையில் இருக்கும். இந்த இங்கிலீஷ் சொற்களில் கையே தெரியவில்லை. யார் செய்கிறார்கள் என்று அந்த வாக்கியங்களில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். "செய்யப்படும்", "செய்யப்படும்" என்றே இருந்தது. ஆள் தெரியாத பயம் ரொம்ப மோசம். ஆள் தெரிந்தால் காலிலாவது விழலாம்.

அந்தச் சமயத்தில் ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில், 'ரெட்யூஸ்' என்ற சொல்லுக்கு அதே பொருள் தரும் ஐந்து சொற்கள் வேண்டும் என்றாள். தோசைக் கரண்டியோடு நின்றபடி ஒன்பது சொன்னேன். "அம்மா! உனக்கு எப்படிம்மா இவ்ளோ தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள். பெருமையாக அவள் எழுதிக்கொண்டிருந்தபோது கல்லில் தோசை கருகிப்போயிற்று.

பிறகு ஷார்ட்லிஸ்ட் வந்தது. இருபது டோக்கன் எண்கள். அதைப் பார்த்ததும் எங்களில் ஒருத்தி சந்தோஷமாகக் கையைத் தட்டினாள், பாவம். அவள் மகள் காலேஜில் ஏதோ கம்பெனிக்காரர்கள் வந்து இப்படித்தான் ஷார்ட்லிஸ்ட் செய்தார்களாம், மகளுக்கு வேலையும் கிடைத்ததாம். தன் எண்ணும் இருந்ததால் தனக்கு ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துவிட்டாள். இது உள்ளே எடுக்கிற பட்டியல் இல்லை, வெளியே அனுப்புகிற பட்டியல் என்று நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மறுபடி பட்டியலைப் பார்த்தேன். முந்நூற்று நான்கு இல்லை. அது என் எண். மூச்சு வந்தது.

இருநூற்றுப் பதினேழு இருந்தது. அது அக்கா.

"நானா?" என்று அக்கா சிரித்தாள். "எங்கையும் அவுங்க கையும் ஒண்ணா? எவனோ தூங்கிகினே எய்திட்டான்."

கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கடந்த ஆறு மாத ஜாப் கார்டுகளின் சராசரியைக் கொண்டு இது தயாரிக்கப்பட்டது. அதை நான் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கிவிட்டது என்பது அவள் சிரிப்பு நின்றதில் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள்.

அன்றிலிருந்து செக்ஷனில் கைமாத்து நின்றது. எல்லோரும் ட்ரேயை மார்போடு இழுத்து வைத்துக்கொண்டு வெட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில்கூட ட்ரேயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒருத்திதான், சாயங்காலம் ஆனதும் எப்போதும்போல அள்ளி என் பக்கம் போட்டாள்.

"அக்கா, வேணாம். உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு."

"ஆறு மாசம் ஓடிப்போச்சு. இன்னிக்கி நிறுத்தி இன்னா ஆவப்போவுது? நீயாவது தப்பிச்சுக்கோ."

இருபது எட்டாயிற்று. எட்டிலும் இருநூற்றுப் பதினேழு இருந்தது. அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்காவின் வேலை போகும். பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கும்போது முடிவு கரைந்திருக்கும். மேலே ஆபீஸிலிருந்து யார் இறங்கி வந்தாலும் என் குட்டு வெளிப்பட்டு என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று ட்ரேக்குள் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் உண்மையிலேயே கூப்பிட்டார்கள். மனிதவளப் பிரிவில் புதிதாக வந்திருந்த அதிகாரி, என்னைவிடச் சின்னவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் எல்லாருக்கும் நோட்டீஸ் படிச்சுச் சொல்றீங்களாமே. இத தமிழ்ல எழுதித் தர முடியுமா? எல்லாருக்கும் புரியட்டும்."

கடைசி நோட்டீஸ். அதில் இருந்த சொல் நேரோ டவுன். எட்டு ஐந்தாக நேரோ டவுன் செய்யப்பட்டுள்ளது. பேனாவை எடுத்து, "இறுதியாக ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, "நல்லா இருக்கே, மென்மையா இருக்கு" என்றார். எனக்கே அருவருப்பாக இருந்தது. பெண் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றாவது எண் இருநூற்றுப் பதினேழு.

பேனா நின்றது. எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"சார், இந்த டோக்கன் இதுல இருக்கக் கூடாது சார்."

"ஏன்?"

"அவங்கதான் சார் எங்க எல்லாரையும்விட வேகம். அவங்க பீஸ் என் ட்ரேல இருக்கு சார். எனக்குக் கை உடைஞ்சுதுல்ல, அப்போலேருந்து தினமும் போடுறாங்க. ஒரு நூறு... நூத்தம்பது."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்படின்னா இது வேற விஷயமா போயிடும்மா. கார்டுல பொய்க் கணக்கு. குடுத்தவங்க, வாங்கினவங்க ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. அக்கா எண்ணை அடித்துவிட்டு என் எண்ணை எழுதுவார், மிஞ்சிப்போனால் அதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அதுவும் பொய். உண்மையைச் சொன்னதற்காக இரண்டு பேரையுமே விட்டுவிடுவார் என்று மனத்தின் ஏதோ ஓரத்தில் நம்பியிருந்தேன். அவர் போனை எடுத்து அக்காவை அனுப்பச் சொன்னார். அவள் படியேறி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் மகளின் பள்ளிக்கூடப் பையும், மழையில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவரும்தான் கண்ணில் நின்றார்கள். அக்கா நினைவுக்கே வரவில்லை.

அக்கா வந்தாள். அதிகாரி நான் சொன்னதை அப்படியே சொன்னார். இரண்டு பேர் மேலும் நடவடிக்கை என்பதையும் சொன்னார். "இது உண்மையா?" என்று கேட்டார்.

அக்கா மேசைமேலிருந்த பேப்பரைப் பார்த்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"ஐய, இன்னா சார் இது! இது ஒரு லூசு சார். எனுக்காவ பொய் சொல்லிகினு கீது. எம்பீஸ எதுக்கு சார் நான் இன்னொருத்திக்கு தரப்போறேன்? எனுக்கு வயசாவுதில்ல. கண்ணு மங்கிப்போச்சு, கை முன்ன மாரி வரல. அதான் கொறஞ்சிப்போச்சு."

செக்ஷனிலேயே சிறந்த கை அது. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

இல்லை சார், நான் சொன்னதுதான் உண்மை. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையில் பழைய பச்சை விரிப்பு, ஓரம் பிய்ந்திருந்தது.

"சரி, போங்க" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வந்தது வெட்கமில்லை, துக்கமில்லை. நிம்மதி. வேலை தப்பித்தது என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

படியில் இறங்கும்போது அழுதேன். அக்கா கையைப் பிடித்தேன், மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் காலி. ஒண்ணோட போச்சு, உடு. ஒருவாட்டி சொன்னேயில்ல, அது போதும் எனுக்கு. மூஞ்சிய கய்விகினு போ, சூப்பர்வைசர் பாத்தா கேப்பாரு."

சனிக்கிழமை ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா இப்போது வெள்ளானூர் பக்கம் ஒரு குடோனில் பாக்கெட் ஒட்டுகிறாள். நான் போன் செய்தால் எடுப்பாள், நன்றாகத்தான் பேசுவாள். என் கை எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.

அவள் போன பிறகு வந்த திங்கட்கிழமை, பக்கத்து மேசையை எடுத்துவிட்டிருந்தார்கள். இனி எனக்குப் போடுவதற்கு யாரும் இல்லை. அறுநூற்றைம்பதோடு நின்று, அடுத்த நோட்டீஸில் நானும் போவேன் என்ற பயத்தில் தலையைத் தூக்காமல் வெட்டினேன். மதியம் தண்ணீர்கூடக் குடிக்கப் போகவில்லை. ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசர் ட்ரேயை மெஷினில் வைத்தார். எண்ணூற்றுப் பதினொன்று. செவ்வாய்க்கிழமை எண்ணூற்று முப்பது.

அன்று ட்ரேக்கு முன்னால் உட்கார்ந்தபடியே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியாக எப்போது வலித்தது என்று யோசித்தேன். மகளின் முழுப் பரீட்சைக்கு முன்னால். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல், நான் முக்கால் வேகத்தில் வெட்டியிருக்கிறேன், அக்கா அள்ளிப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் "போதும்க்கா" என்று தவறாமல் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள்கூட ட்ரேயை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்ததில்லை.